'சர்ச்' என்னும் சொல்லின் இரு கிரேக்க மூலங்கள்: தமிழ் மொழிபெயர்ப்பு நோக்கில் ஓர் ஆய்வு

1. சிக்கல்

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த சந்தாபுரா என்னும் ஊர் உள்ளது. கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் அன்றாடம் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி அது. இத்தகைய ஊர்களில் கிறித்தவர் வழிபடும் இடத்தைத் தமிழர் தம் பேச்சில் 'சர்ச்சு' என்பர். கன்னடரும் அவ்வாறே கூறுவர். தெலுங்கர் 'சர்ச்சி' என்பர். ஆனால் அதே கர்நாடகத்தின் மேற்குக் கடற்கரையில், மங்களூர்ப் பகுதிக் கன்னடத்தில் 'இகர்ஜி' என்றும் கொங்கணியில் 'இகர்ஜ்' என்றும் வழங்குகின்றனர். இரண்டும் ஒரே கட்டடத்தைக் குறிக்கும் சொற்கள். இரண்டும் ஐரோப்பிய மொழிகளின் வழியாக வந்தவை. இரண்டுக்கும் மூலம் கிரேக்கமே. ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் தம்முள் எவ்வகைப் பிறப்புத் தொடர்பும் இல்லை. 'சர்ச்', ஆண்டவருக்கு உரியது என்னும் பொருளுடைய ஒரு பெயரடையிலிருந்து வந்தது. 'இகர்ஜி', குடிமக்கள் கூடும் அவையைக் குறித்த ஒரு பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது.

இவ்வேறுபாடு சொல்வரலாற்று ஆர்வலர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் 'சர்ச்' என்னும் சொல்லை எதிர்கொள்ளும்போதெல்லாம் கோயில், ஆலயம், தேவாலயம், சபை, திருச்சபை, திருஅவை எனப் பல சொற்களுள் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டியுள்ளது. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கிரேக்கம் இரு சொற்களாக வைத்திருந்ததை ஆங்கிலம் ஒன்றாக்கியது. தமிழ் அதனை மீண்டும் பிரித்துள்ளது. ஆங்கிலச் சொல்லை மட்டும் நோக்கி மொழிபெயர்ப்பவர் இப்பிரிவை உணராது பிழைபட நேர்கிறது. அப்பிரிவு எவ்வாறு தோன்றியது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. எக்லேசியா

கிரேக்க மொழியில் 'எக்லேசியா' என்பது சமயச்சொல்லாகத் தோன்றியதன்று. ஏதென்சு நகரக் குடிமக்கள் சட்டம் இயற்றவும் போர், அமைதி முதலியன பற்றி முடிவெடுக்கவும் கூடிய பேரவைக்கு அது பெயர். 'எக்' (வெளியே), 'கலேயின்' (அழைத்தல்) என்னும் இரு கூறுகள் அதில் உள்ளன. இதனைக் கொண்டு, உலகத்தினின்று வெளியே அழைக்கப்பட்டவர்களே எக்லேசியா என்று விளக்கம் கூறும் வழக்கம் பரவலாக உண்டு. தமிழ்ச் சமய உரைகளிலும் இவ்விளக்கம் அடிக்கடி கேட்கப்படுவதே. மொழியியல் நோக்கில் இது ஏற்கத்தக்கதன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அச்சொல் 'கூட்டம், அவை' என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. பேசுவோர் அதன் உறுப்புகளைப் பிரித்துணர்ந்து வழங்கினர் எனக் கொள்ள இடமில்லை. 'கோயில்' என்று கூறும் தமிழர் ஒவ்வொரு முறையும் 'கோ', 'இல்' என்று பிரித்து எண்ணுவதில்லை அன்றோ? சொற்பிறப்பைச் சொற்பொருளாகக் கொள்ளும் இம்மயக்கத்தை ஜேம்ஸ் பார் விவிலிய மொழியின் பொருண்மை பற்றி 1961இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் கண்டித்துள்ளார்.

எபிரேய மறைநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், இசுரயேல் மக்களின் கூட்டத்தைக் குறித்த 'காகால்' என்னும் சொல்லுக்குப் பல இடங்களில் 'எக்லேசியா' என்பதைப் பயன்படுத்தினர். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களுக்கு இச்சொல் அவ்வழியே கிடைத்தது. புதிய ஏற்பாட்டில் இது 114 இடங்களில் வருகிறது. நான்கு நற்செய்தி நூல்களுள் மத்தேயுவில் மட்டுமே, அதுவும் இரண்டே அதிகாரங்களில் (16, 18), காணப்படுகிறது. இவ்விடங்களுள் எதிலும் கட்டடப் பொருள் இல்லை. முதல் நூற்றாண்டுக் கிறித்தவர்கள் வீடுகளில் கூடினர். அவர்களுக்கெனத் தனிக்கட்டடம் இல்லாத காலத்தில் கட்டடத்திற்குச் சொல் வேண்டப்படவில்லை.

திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரம் இங்குக் குறிப்பிடத்தக்கது. எபேசு நகரில் ஆர்த்தமி தேவியின் பொருட்டுக் கலகம் விளைத்த கூட்டமும், சட்டப்படி கூடும் நகரவையும் அங்கு 'எக்லேசியா' என்றே சுட்டப்படுகின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அவ்விடங்களில் மட்டும் 'சர்ச்' என்று எழுத இயலாமல் 'கூட்டம்' எனப் பொருள்படும் வேறு சொல்லை நாடினர். அதே அதிகாரத்தின் 37ஆம் வசனத்தில் நிலைமை தலைகீழாகிறது. கோயில் கொள்ளையரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் எக்லேசியாவின் சாயலே இல்லை. ஆனால் 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்குச் 'சர்ச்சுகளைக் கொள்ளையிடுவோர்' எனப் பொருள்படும் தொடரை ஆண்டது! ஆங்கிலச் சொல்லில் கட்டடப் பொருள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் 'கோவில்' என்னும் சொல் இயல்பாகவே அமைந்தது.

3. கிரியாகோன்

'கிரியோஸ்' என்றால் கிரேக்கத்தில் தலைவன், ஆண்டவன் என்பது பொருள். அதனின்று பிறந்த பெயரடை 'கிரியாகோஸ்'. அதன் அஃறிணை வடிவம் 'கிரியாகோன்'. இப்பெயரடை புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் ஆண்டவருடைய விருந்தையும் (1 கொரிந்தியர் 11) மற்றோரிடத்தில் ஆண்டவருடைய நாளையும் (திருவெளிப்பாடு 1) அது சுட்டுகிறது. ஏறத்தாழ நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறித்தவர்க்குத் தனிக்கட்டடங்கள் எழுந்த காலத்தில், 'ஆண்டவருடைய (வீடு)' என்னும் பொருளில் 'கிரியாகோன்' கட்டடத்தின் பெயராயிற்று. அடைமொழி நின்று பெயர்ச்சொல் மறைந்த இவ்வாக்கம் தமிழ் இலக்கணத்தார்க்குப் புதியதன்று. ஆகுபெயர் வகையுள் இதற்கு எளிதில் இடம் உண்டு.

சுவையான செய்தி ஒன்றை இங்குச் சுட்டலாம். கேரளச் சிரியன் கிறித்தவர்களிடையே பெருவழக்காக உள்ள 'குரியாகோஸ்' என்னும் ஆட்பெயர், சிரியாக் மொழி வழியாக வந்த இதே 'கிரியாகோஸ்' தான். குரியாகோஸ் எலியாஸ் சாவறா (1805–1871) அப்பெயரை உடையோருள் மிகவும் அறியப்பட்டவர். ஆக, ஆங்கிலேயர் 'சர்ச்' என்னும் சொல்லைக் கொண்டுவருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதன் உடன்பிறப்பு தென்னிந்தியாவில் மனிதர் பெயராக உலவியது. வழிபாட்டிடத்திற்கு அம்மக்கள் கொண்ட சொல்லோ 'பள்ளி'. இது தமிழும் மலையாளமும் பொதுவாகக் கொண்ட பழஞ்சொல். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்து, பின் தமிழில் கல்விக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் உரியதாயிற்று. சிங்களத்திலும் இது 'பள்ளிய' என்ற வடிவில் கிறித்தவ, இசுலாமிய வழிபாட்டிடங்கள் இரண்டையும் குறிக்கிறது.

4. இலத்தீனும் அதன் வழிமொழிகளும்

இலத்தீன் மொழியினர் 'எக்லேசியா'வை மொழிபெயர்க்கவில்லை. மக்கள் கூட்டத்திற்குரிய சொற்கள் அவர்களிடம் இருந்தும், அவை உரோம அரசியலோடு பிணைந்திருந்தமையால் போலும், கிரேக்கச் சொல்லையே கடனாக ஏற்றனர். 'கிரியாகோன்' என்பதை மட்டும் 'தொமினிக்கும்' (ஆண்டவருடையது) என்று தம் மொழியில் ஆக்கிக்கொண்டனர். இம்மொழிபெயர்ப்புச் சொல் கட்டடப் பொருளில் நிலைக்கவில்லை. அதன் இனச்சொல்லோ ஞாயிற்றுக்கிழமையின் பெயராக நிலைத்துவிட்டது; போர்ச்சுக்கீசிய 'தொமிங்கு' அவ்வழி வந்ததே.

கட்டடப் பெயருக்கு இலத்தீனில் வேறொரு போட்டியும் இருந்தது. 'பசிலிக்கா' என்பது கிரேக்கத்தில் 'அரசனுக்குரியது' என்று பொருள்படும் பெயரடை. உரோமர் அதனை வழக்காடலும் வணிகமும் நிகழ்ந்த பெருமண்டபத்திற்குப் பெயராக்கினர். நான்காம் நூற்றாண்டில் பேரரசன் கான்ஸ்டன்டைன் அம்மண்டப அமைப்பிலேயே கிறித்தவர்க்குப் பெருங்கட்டடங்கள் எழுப்பினான். உருமேனிய மொழியில் இன்றும் 'பிசேரிக்கா' என்பதே சர்ச்சுக்குப் பெயர். பிற மொழிகளில் எக்லேசியா வென்றது: பிரெஞ்சு 'எக்லீஸ்', இசுபானிய 'இக்லேசியா', போர்ச்சுக்கீசிய 'இக்ரேஜ'. இவ்வெற்றியால் மக்களுக்குரிய சொல் கட்டடத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

செருமானியக் குடும்ப மொழிகளில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. அங்குக் கட்டடத்துக்குரிய சொல் மக்களை அடக்கிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் 'சிரிசெ', செருமனில் 'கிர்ஹெ', டச்சில் 'கெர்க்', சுகாட்டியத்தில் 'கிர்க்' ஆகிய எல்லாம் கிரியாகோனிலிருந்து வந்தவை என்பதே பெரும்பான்மையான அறிஞர் கொள்கை. (சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தை இன்றும் 'கிர்க்' எனச் சுட்டும் வழக்குண்டு, 'சர்ச்'சின் மற்றோர் ஒலிவடிவம் அவ்வாறு நம்மிடையே தங்கியுள்ளது.) கிரேக்கத்திலிருந்து இச்சொல் இலத்தீனைத் தாண்டிச் செருமானிய மக்களிடம் சென்ற வழி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சமயம் மாறுவதற்கு முன்பே அம்மக்கள் எல்லைப்புறங்களில் கிறித்தவக் கட்டடங்களைக் கண்டறிந்திருந்தனர் ஆதலின் கட்டடப்பெயர் முதலில் புகுந்தது என்னும் விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பழைய ஆங்கிலத்தில் ஏல்ஃபிரிக் போன்றோர் எக்லேசியாவுக்கு 'அழைப்பு' எனப் பொருள்படும் தனிச்சொல் ஒன்றையும் வழங்கினர். அது வழக்கிறந்தது. பின்னர் இச்சிக்கல் பதினாறாம் நூற்றாண்டில் கடும்பூசலாக வெடித்தது. வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் 'சர்ச்' என்பதை விலக்கி, கூடிய மக்கள் எனப் பொருள்படும் சொல்லை ஆண்டார். தாமஸ் மோர் இதனை வன்மையாகச் சாடினார். அதிகாரம் கட்டமைப்பிடம் உள்ளதா, கூடிய மக்களிடம் உள்ளதா என்னும் வினா அவ்வொரு சொல்லில் அடங்கியிருந்தது. 1604இல் அரசன் ஜேம்சின் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, 'சர்ச்' முதலிய பழைய திருச்சபைச் சொற்களை மாற்றலாகாது என்பது. அரசாணையால் காக்கப்பட்ட சொல்லே நம் மொழிபெயர்ப்பாளர்களின் மேசைக்கு வந்து சேர்ந்துள்ளது என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். லூத்தரோ தம் செருமன் மொழிபெயர்ப்பில் கிறித்தவக் கூட்டத்திற்கு மக்கள் சமூகத்தைக் குறிக்கும் சொல்லையே தேர்ந்தார்.

5. தமிழில்

தமிழுக்கு முதலில் வந்தது எக்லேசியாவின் வழித்தோன்றலே. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு அடிகளார் பதினாறாம் நூற்றாண்டில் அச்சிட்ட தமிழ் நூல்களில் (தம்பிரான் வணக்கம், 1578, கிரிசித்தியானி வணக்கம், 1579) போர்ச்சுக்கீசியச் சமயச்சொற்கள் தமிழ் ஒலியமைதி பெற்று வருகின்றன. 'இக்ரேஜ' என்பதும் 'இகிரேசை' என்று படிக்கத்தக்க வடிவில் அக்காலக் கிறித்தவத் தமிழில் வழங்கியது. மொழியிடையில் உள்ள மெய்ம்மயக்கத்தை இகரம் இட்டுப் பிரித்தலும், மேசை என்பதிலும் நாம் காணும், போர்ச்சுக்கீசிய இறுதி உயிர் ஐகாரமாதலும் இயல்பான மாற்றங்கள்.

மேசை நிலைத்தது, சன்னல், சாவி, அலமாரி, பாதிரி ஆகியனவும் நிலைத்தன. இகிரேசை நிலைக்கவில்லை. வங்காளத்தில் 'கிர்ஜா', இந்தியில் 'கிர்ஜாகர்', இந்தோனேசியத்தில் 'கெரெஜா' என அதே சொல் ஆசியா முழுதும் வேரூன்றியிருக்க, தமிழ் அதனைக் கைவிட்டது ஏன்? இந்தி வடிவத்தில் 'கர்' (வீடு) சேர்ந்திருப்பது நோக்கத்தக்கது. வெறுமனே 'கிர்ஜா' என்பது அம்மொழி பேசுவோர்க்குக் கட்டடத்தைத் தெளிவாக உணர்த்தவில்லை போலும். தமிழிலோ கட்டடத்துக்கு ஏற்ற சொல் முன்பே இருந்தது. அரசனது அரண்மனையைக் குறித்துச் சிலப்பதிகாரத்தில் பயின்றுவரும் 'கோயில்', பின் இறைவனது உறைவிடத்துக்கு உரியதாயிற்று. தலைவனுக்கு உரிய வீடு என்னும் பொருளில் அது கிரியாகோனுக்கும், அரசனுக்கு உரியது என்னும் பொருளில் பசிலிக்காவுக்கும் ஒப்பானது. உலகின் எம்மொழியிலும் இவ்விரு கிரேக்கச் சொற்களுக்கும் ஒருங்கே இத்துணைப் பொருத்தமான சொல் அமைந்திருத்தல் அரிது. கடன் வாங்கியதன்று, கிரேக்கத்தை நோக்கி ஆக்கியதும் அன்று.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் வழிவந்த கத்தோலிக்க மரபு கோயில், பூசை, குரு முதலிய சொற்களைத் தயக்கமின்றி ஏற்றது. சிற்றூர்களில் கத்தோலிக்க ஆலயம் எதுவாயினும் 'மாதாகோயில்' எனப்படுவது இன்றும் உண்டு. சீர்திருத்தச் சபையாருள் ஒரு சாரார் இந்து வழிபாட்டை நினைவூட்டும் எனக் கருதிக் கோயிலை ஒதுக்கி, 'ஆலயம்', 'தேவாலயம்' என்பவற்றை விரும்பினர். ஆலயம் மட்டும் எவ்வகையில் அந்நினைவினின்று நீங்கியது என்பது விளங்கவில்லை. மக்கள் வழக்கு இவ்வேறுபாட்டைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நெல்லைச் சீமைச் சீர்திருத்தச் சபையார் ஞாயிறுதோறும் கோயிலுக்கே செல்கின்றனர்; ஆலயப் பணியாளர் அங்குக் 'கோயில்பிள்ளை' ஆவார்.

தேவாலயம் என்பதில் வேறொரு சிக்கல் உண்டு. 1871இல் நிறைவுற்ற, பவர் தலைமையிலான குழுவின் ஐக்கியத் திருப்புதலில் அச்சொல் எருசலேம் கோவிலைக் குறிக்கும். எனவே ஒரு கட்டுரையில் எருசலேம் கோவிலும் பிற்காலக் கிறித்தவக் கட்டடமும் அடுத்தடுத்து வருமாயின் படிப்போர் மயங்குவர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு எருசலேமுக்குக் 'கோவில்' என்பதையே வைத்தது.

மக்கள் பொருளுக்கு ஐக்கியத் திருப்புதல் கொண்ட சொல் 'சபை'. எக்லேசியாவைப் போலவே இதுவும் சமயம் சாராத, கூடும் மாந்தரைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் 'சர்ச்' என்று வரும் இடத்தில் தமிழர் சபை என்று எழுதியது ஆங்கிலத்தைவிடக் கிரேக்கத்திற்கு நெருக்கமானது. டிண்டேல் எதன்பொருட்டுப் பழிக்கப்பட்டாரோ அது தமிழில் எவ்விதப் பூசலுமின்றி நிறைவேறியது எனலாம். ஓரிடத்தில் மட்டும் சிறு இடர் தோன்றும். மத்தேயு 16இல் எக்லேசியா 'கட்டுதல்' என்னும் வினையோடு வருகிறது. சபை கூட்டப்படுமேயன்றிக் கட்டப்படுவதில்லை. இது தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழையன்று. கிரேக்கத்திலேயே உள்ள உருவகம். ஆங்கிலத்தில் 'சர்ச்' கட்டடமும் ஆதலால் அவ்வுருவகம் மறைந்துபோயிற்று. தமிழில் அது உயிரோடு நிற்கிறது.

'திரு' என்னும் அடை சேர்ந்த 'திருச்சபை' இன்று அமைப்பின் பெயர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் பெயரில் அது அமைந்துள்ளது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் இதனை மேற்கொண்டது. ஆங்கிலம் தலைப்பெழுத்தால் காட்டும் வேறுபாட்டை, தலைப்பெழுத்து இல்லாத தமிழ் இவ்வடையால் காட்டுகிறது.

அண்மைக் காலத்தில் கத்தோலிக்க எழுத்தில் 'திருஅவை' பெருகி வருகிறது. சபை வடசொல், அவை தமிழ்ச்சொல் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. சட்டசபை சட்டமன்றமும் சட்டப்பேரவையும் ஆன வரலாறு இதற்கு முன்மாதிரி. ஆயினும் மொழியியலார் பலர், 'சபா' என்பதே மிகப் பழங்காலத்தில் தமிழுக்கு வந்து, 'சவை' ஆகி, மொழிமுதற் சகரம் கெட்டு 'அவை' ஆயிற்று எனக் கருதுவர். அக்கருத்து ஏற்கப்படின், இங்கு நிகழ்வது பிற்காலக் கடன்சொல்லை நீக்கி முற்காலக் கடன்சொல்லை வைத்தலே ஆகும். சங்க காலம் முதல் வழங்கிவரும் சொல் என்னும் உரிமையை இது குறைப்பதில்லை. தூய்மை என்னும் காரணத்தைத்தான் குறைக்கிறது. எழுத்து வடிவிலும் ஒரு நெருடல் உண்டு. திரு, அவை என்னும் இரண்டும் புணர்ச்சி விதிப்படி 'திருவவை' ஆதல் வேண்டும். அவ்வடிவம் ஓசைக்கு இனிதன்று என்பதாலோ பொருள் மறையும் என்பதாலோ உடம்படுமெய் பெறாமலே எழுதப்படுகிறது. சொல் வேரூன்றுமாயின் வருந்தலைமுறை இதனை எவ்வாறு ஒலிக்கும் என்பது கவனித்தற்குரியது.

6. மொழிபெயர்ப்போர்க்கு

நடைமுறையில் இடர் தருவன விவிலியப் பகுதிகள் அல்ல. அவற்றுக்கு மரபு உண்டு. செய்தி, வரலாறு, சட்ட ஆவணம் ஆகியவற்றிலேயே பிழைகள் மிகுதி. 'சர்ச் புயலில் இடிந்தது' என்பதில் கட்டடம். 'சர்ச் அச்சட்டத்தை எதிர்த்தது' என்பதில் அமைப்பு. 'சர்ச் முழுவதும் எழுந்து நின்றது' என்பதில் கூடியிருந்தோர். இம்மூன்றுக்கும் தேவாலயம் என்று எழுதினால், இரண்டாம் தொடரில் சுவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும். 'அவர் சர்ச்சிலிருந்து வெளியேறினார்' என்பது இன்னும் நுட்பமானது. வழிபாட்டின் இடையே எழுந்து சென்றாரா, சபைத் தொடர்பைத் துறந்தாரா என்பதை ஆங்கிலம் சொல்லாமல் விடலாம். கோயில், சபை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய தமிழ் விட இயலாது. சொத்துரிமை வழக்குகளில் இது வெறும் நடைவேறுபாடன்று. நிலம் ஆலயத்தின் பெயரில் உள்ளதா, சபையின் பெயரில் உள்ளதா என்பதே சில வேளைகளில் வழக்காக இருக்கும். அங்கு மொழிபெயர்ப்பாளர் தம் ஊகத்தை எழுதாமல் மூல ஆவணத்தில் உரிமையாளர் யார் எனச் சுட்டப்பட்டுள்ளது என்பதைத் தேடிக் காணவேண்டும்.

'சர்ச்சும் அரசும் பிரிந்திருத்தல்' என்னும் ஐரோப்பிய அரசியல் தொடருக்கு, ஐரோப்பிய வரலாற்றைப் பேசுமிடத்துத் திருச்சபை பொருந்தும். இந்திய அரசியலமைப்பை ஒட்டிப் பேசுமிடத்துச் சமயம் என்றலே தகும். திருச்சபை என்பதிலுள்ள 'திரு' மூலத்தில் இல்லாத வணக்கத்தை ஏற்றும் என்பதும் மறக்கத்தக்கதன்று. கண்டனக் கட்டுரை ஒன்றில் ஆசிரியர் அமைப்பைக் கடிந்துரைக்க, தமிழ் அதனைத் திருவோடு போற்றுமாயின் நடை முரண்படும்.

இத்தனை தெரிவுகளினின்றும் தப்பச் சிலர் 'சர்ச்' என்றே எழுதிவிடுகின்றனர். பேச்சுத்தமிழுக்கு இது தவறன்று. எழுத்திலோ வேற்றுமை உருபு ஏற்கும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது: இரண்டாம் வேற்றுமையில் அது 'சர்ச்சை' ஆகி, பூசலைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றிவிடுகிறது. 'சர்ச்சை எழுப்பினர்' என்னும் தொடரில் எழுந்தது கட்டடமா கலகமா? இடுகுறியாகிவிட்ட இடப்பெயர்களின் நிலை வேறு. சந்தாபுராவிலிருந்து பெங்களூரு நகரின் நடுப்பகுதிக்கு வருபவர் காணும் 'சர்ச் ஸ்ட்ரீட்' பெயர்ப்பலகையைத் தமிழில் 'கோயில் தெரு' என்று எழுதினால் எவரும் அவ்விடத்தை அடையார். அங்கு ஒலிபெயர்ப்பே மொழிபெயர்ப்பு.